பவானி அக்காவும் இடது இறக்கையும்

என் அன்புக்குரிய பவானி அக்கா,

விமானத்தின் இடது இறக்கையை மறுபடி திறந்துவிட்டோம். இதை என் வாயாலேயே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு யார் வந்து உங்களுக்குச் சொல்லப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒருவரும் இல்லைத்தான். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்தவற்றையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றி வளைத்துக் கதைப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

ரொறன்ரோவுக்கு வந்து எத்தனையோ வேலை பார்த்து, கடைசியில் அந்த விமானத் தொழிற்சாலையில்தான் இருவரும் நிலைத்தோம். தகட்டோடு தகட்டைச் சேர்க்கும் தறையாணி அடிப்பதுதான் வேலை. ரிவெற் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று, ‘கன்’ என்று நாங்கள் சொல்லும் காற்றுச் சுத்தியலால் ரிவெற்றின் தலையில் அடிப்பார். மற்றவர் உள்ளே, ரிவெற்றின் வாலுக்குப் பின்னால், கனமான இரும்புக் கட்டையை அசையாமல் பிடிப்பார். கன்னின் அடிக்கும் இந்தக் கட்டைக்கும் நடுவில் அகப்பட்டு அந்த வால் நசிந்து ஒரு சின்னப் பொத்தான் போலாகும். அந்தப் பொத்தான்தான் இரண்டு தகட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

நான் வெளியே, நீங்கள் உள்ளே. இருபது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தத்தில் குரலும் கேட்காது. நீங்கள் கட்டையால் ஒருதரம் தட்டினால் "இன்னும் அடி" என்று அர்த்தம். இரண்டுதரம் தட்டினால் "சரி, அடுத்தது." என் கல்யாண வாழ்க்கையில்கூட இவ்வளவு குறைந்த பேச்சில் இவ்வளவு விளங்கிக்கொண்டதில்லை என்று நான் சொல்ல, சாப்பாட்டு மேசையில் நீங்கள் தேத்தண்ணீர் புரையேறச் சிரித்தீர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஹெரால்ட்தான் நம்மைக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் நாம் செய்ததையெல்லாம் பரிசோதித்துப் பிழை பிடித்த அதே மனிதர். பிறம்ரனையும் தாண்டி ஒரு கொட்டகையில், போர்க்காலத்து யப்பானியச் சண்டை விமானம் ஒன்றைத் திருத்தி எடுப்பதாகச் சொன்னார். பசிபிக் தீவொன்றின் காட்டுக்குள் கிடந்து துண்டு துண்டாக வந்தது. சனிக்கிழமைகளில் வரமுடியுமா, சம்பளம் இல்லை, கோப்பி உண்டு என்றார்.

"யப்பான்காரன்ர பிளேனோ?" என்று கேட்டீர்கள். உங்கள் அப்பா திருகோணமலையில் சிறுவனாக இருந்தபோது துறைமுகத்தில் யப்பான்காரர் குண்டு போட்டதைக் கண்ணால் கண்டவர். "அப்பா இருந்தா என்னை வீட்டு வாசலுக்கும் எடுக்கமாட்டார்" என்றீர்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை நான் மல்வேர்னில் உங்கள் வீட்டு வாசலில் ஹோர்ன் அடிப்பதற்கு முன்பே, எல்லோருக்கும் பொரித்த ரோல்ஸ் பெட்டியும் கையுமாக வெளியே நின்றீர்கள்.

முதல் நாள் அந்த எலும்புக்கூட்டுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டீர்கள். நானும் நீங்களும் ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள். அந்த விமானங்கள் வேறு, அந்தச் சண்டை வேறு. ஆனாலும் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்கே அக்கா?" என்று கேட்டேன்.

"பயமில்லை. கோவம்" என்றீர்கள். "உதின்ர வயித்தை இவ்வளவு கிட்டத்தில நான் ஒருநாளும் பாத்ததில்லை."

பிறகு பழைய தகடு ஒன்றை ஹெரால்ட் எடுத்துவந்து காட்டினார். பச்சைச் சாயம் போய் வெள்ளையாகிக் கிடந்தது. காற்று தடைப்படக் கூடாது என்பதற்காக, தகட்டில் சிறு குழி பதித்து, ரிவெற்றின் தலை அதற்குள் மட்டமாக உட்காரும்படி அடித்திருந்தார்கள். கண்ணை மூடித் தடவினால் ரிவெற் இருப்பதே தெரியாது. நீங்கள் விரலால் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றீர்கள். "இதில ஆள் மாறியிருக்கு" என்றீர்கள். "இதுவரைக்கும் அடிச்சவள் வேற. இங்காலை அடிச்சவள் வேற. இவள் அவசரக்காரி."

போர்க்காலத்தில் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூடத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வைத்தார்கள் என்று ஹெரால்ட் சொன்னார். உங்கள் முகம் மாறிப்போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியே கதைத்தீர்கள். சாப்பிட்டிருப்பாளா, கை உளைந்திருக்குமா, பதினைந்து வயது இருக்குமா. கோபம் எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகை நம்முடைய இடமாகிவிட்டது. அந்த விமானத்து ரிவெற்றின் தலைச் சரிவு நம் தொழிற்சாலைச் சரிவு அல்ல. அதற்கேற்ற அச்சைக் கடைந்து எடுப்பதற்கே ஒரு குளிர்காலம் போனது. சூடாக்கி எடுத்த ரிவெற்றுகள் இறுகிப்போகாமலிருக்க ஐஸ் உறைபெட்டிக்குள் வைக்க வேண்டும். உங்கள் ரோல்ஸும் அதே பெட்டிக்குள்தான். பல்லில் ரிவெற் கடிபட்டால் தன்னிடம் வரவேண்டாம் என்று ஹெரால்ட் எல்லோரையும் எச்சரித்தார்.

பிறகு உங்களுக்கு அந்த வருத்தம் வந்தது, புற்றுநோய். அந்த மாதங்களை இங்கே எழுதப்போவதில்லை. மருந்து ஏற்றி முடிந்து, தலையில் தொப்பியோடு திரும்பி வந்தீர்கள். விரல் நுனிகள் விறைத்துப்போயிருந்தன. கோப்பைக் காதைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஆனாலும் இடது இறக்கைக்குள் தோள்வரை கையை விட்டு, "தொடங்கு" என்றீர்கள்.

தொடங்கினேன். ஆனால் கன்னுக்குப் போகும் காற்றைக் குறைத்துவிட்டேன், அக்கா.

காற்றுக் குழாயின் திருகை ஒரு சுற்றுத்தான் திருப்பினேன். அடியின் அதிர்வு முழுவதும் உங்கள் மணிக்கட்டில்தானே போய் இறங்கும். அந்த மெலிந்த கையை ஜாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தபோது பார்த்திருந்தேன். என்னால் முழுக் காற்றில் அடிக்க முடியவில்லை.

நீங்கள் ஒருதரம் தட்டினீர்கள். இன்னும் அடி. அடித்தேன், மெதுவாக. மறுபடி ஒருதரம். மறுபடி கொஞ்சம். மூன்றாவது முறையும் அந்த ஒற்றைத் தட்டு வந்தபோது கன்னைக் கீழே வைத்துவிட்டு இறக்கையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன்.

"காணும் அக்கா, இவ்வளவு போதும். வந்திட்டுது."

"வரேல்லை. வால் இன்னும் உயரமா நிக்குது."

"இது பறக்கப்போற பிளேனில்லைத் தானே. காட்சிக்கு வைக்கத்தானே போகினம். இதுக்குப் போய் ஏன் உங்கட கையை வருத்திறியள்?"

 உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது. "பறக்காட்டியும் இது பிளேன், சுகந்தி."

நான் சிரித்துச் சமாளித்தேன். அடுத்ததற்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஒற்றைத் தட்டை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டுத் தட்டத் தொடங்கினீர்கள். உங்களுக்குத் திருப்தியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. அந்த இறக்கையின் நுனிப்பக்கம் முழுவதையும் அப்படியேதான் முடித்தோம்.

மாசி மாதத்தில் நீங்கள் போனீர்கள். செத்தவீட்டில் உங்கள் மகள் மதுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவின்ர கை அந்தப் பிளேன்ர செட்டையில இருக்கு பிள்ளை. ஒருநாள் வா, காட்டுறன்" என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவ்வளவு பேர் நடுவில், எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

இப்போது செய்திக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு நல்ல நிலையில் ஓர் இயந்திரம் கிடைத்தது. விமானத்தைப் பறக்கவிடலாம் என்று கொட்டகையில் முடிவெடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பறக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு ரிவெற்றையும் பரிசோதிக்க வேண்டும். ஹெரால்ட் சிறு கண்ணாடியும் ரோர்ச்சும் எடுத்துக்கொண்டு இடது இறக்கைக்குள் தலையை விட்டார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் சிவப்பு மார்க்கர் இருந்தது.

நுனிப்பக்கம் முழுவதும் சிவப்பு வட்டங்கள்.

"பவானியின் தவறில்லை" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "கையில் பலம் இல்லாமல் இருந்தது. அப்படியும் வந்து வேலை செய்தார். நாம் இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டியதில்லை. துளைத்தெடுத்துவிட்டு மறுபடி அடிப்போம்." சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் உங்களில் அவ்வளவு விருப்பம். ஒருவரும் உங்களைக் குறை சொல்லவில்லை. மன்னித்தார்கள்.

நானும் தலையைக் குனிந்து நின்றேன். உங்களை அவர்கள் மன்னித்துக்கொண்டிருந்தார்கள், நான் வாய் திறக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பது உண்மைதான். உங்கள் கை நடுங்கியிருக்கலாம் என்று நானும் நம்பினேன். ஆனால் காற்றைக் குறைத்தது நினைவுக்கு வராமலில்லை. வந்தது. வந்ததை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

துளைத்தெடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வேறொருவர் கை அதில் படக் கூடாது என்று இருந்தது. தலையை மட்டும் துளைத்து உடைத்துவிட்டு, ஊசித் தண்டால் தட்டினால் மிச்சம் உள்ளே விழும். முதல் சில ரிவெற்றுகள் உள்ளே தகரத்தில் விழுந்து கிணுங்கிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்றை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு ஆசை வந்தது. ஒரே ஒன்று, நுனியில், பாரம் அதிகம் வராத இடத்தில். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரிந்ததால் விடவில்லை.

பிறகு கையை உள்ளே விட்டு, விழுந்த வால்களை அள்ளி மேசையில் கொட்டினேன்.

அக்கா, இந்த வேலையில் பிழை விட்டது யாரென்று வாலைப் பார்த்தால் தெரியும் என்பது நாம் இருவரும் முதல் வருடத்திலேயே படித்தது. உள்ளே கட்டை சரிந்தால் வால் ஒரு பக்கம் சாய்ந்து, நாக்கு நீட்டியதுபோல் நசியும். கட்டை நேராக இருந்து அடி போதாவிட்டால், வால் நேராகவே நிற்கும், ஆனால் நசியாமல் உயரமாக நிற்கும். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடச் சாயவில்லை. எல்லாம் நிமிர்ந்து, எல்லாம் உயரமாக, ஒன்றைப்போலவே ஒன்று.

விறைத்துப்போன அந்த விரல்களோடு நீங்கள் கட்டையை ஒரு மயிரிழைகூடச் சரியாமல் பிடித்திருக்கிறீர்கள். அடிக்காதது நான்.

மேசையருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹெரால்ட் கோப்பியோடு வந்தார். ஒரு வாலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இன்னொன்று. இன்னொன்று. அவர் வாழ்நாள் முழுக்க இதைத்தானே பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றினார்.

"காற்றைக் குறைத்தாயா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அவ இன்னும் அடிக்கச் சொன்னவ, நான்தான் காணும் என்றேன் என்று.

நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. "மற்றவர்களிடம் நீதான் சொல்ல வேண்டும்" என்றார். "அன்றைக்கு நான் சொன்னதை அவர்கள் நம்பிப் போயிருக்கிறார்கள்." மதிய உணவு நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன்.  ஒருவர் மட்டும், "நீ அன்பால்தானே செய்தாய்" என்றார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

ஏனென்றால் மதுவிடமும் அதைத்தான் சொல்லித் தப்பலாம் என்று நினைத்திருந்தேன்.

அவள் இப்போது அஜின்கோர்ட்டில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அவளின் சின்னவன் சோபாவில் நித்திரை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஸோ, அம்மா வாஸ் ரைட்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"அண்டைக்கு அம்மா வீட்ட வந்து அழுதவா, அன்ரி. யூ நோ தட்? கார்ல இருந்து இறங்கி, சப்பாத்தும் கழட்டாமல், படியில இருந்து அழுதவா. ஹொஸ்பிற்றல்ல ஒருநாளும் அழாதவா. என்னெண்டு கேட்டன். 'சுகந்தியும் என்னை வருத்தக்காரியாத்தான் பாக்கிறாள்' எண்டு சொன்னவா."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"நான் அன்பிலதான் மது..." என்று தொடங்கினேன்.

"ஐ நோ" என்றாள். குரலில் கோபம் இருந்தது, அவள் அதை மறைக்கவில்லை. "எல்லாரும் அன்பிலதான் செய்தவை. நானும்தான். சமைக்க விடேல்லை, கார் ஓட விடேல்லை. அம்மாவுக்கு மிஞ்சி இருந்தது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான், அன்ரி."

 சின்னவன் எழும்பி அழுததும் அவள் உள்ளே போனாள். நான் அடுப்பை நிறுத்திவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். காருக்குள் இருந்து எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. படியில் இருந்து அழுத உங்களை நினைத்தேன். அந்த மாலை உங்களை இறக்கிவிட்டு, கையசைத்துவிட்டுப் போனவள் நான். உங்கள் வீட்டுக் கதவு திறக்கும்வரைகூட நிற்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை மறுபடி அடிக்கத் தொடங்கினோம். ஹெரால்டிடம் கன்னைக் கொடுத்துவிட்டு, கட்டையை நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் உள்ளே போனதே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இருட்டு. எண்ணெய் மணம். தோள் இறக்கையின் விலாச் சட்டத்தில் அழுந்துகிறது. கழுத்தைத் திருப்ப இடமில்லை. முழுக் காற்றில் முதல் அடி விழுந்தபோது முழங்கை வரைக்கும் மின்சாரம் போல ஏறியது. இதையா அத்தனை வருடமும், ஒருநாள்கூட முகம் சுளிக்காமல்?

இன்னொன்றும் தெரிந்தது. அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். வால் போதுமான அளவு நசிந்ததா இல்லையா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் போகவே முடியாது. கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. அப்படியானால் அன்றைக்கு, ஒவ்வொரு ரிவெற்றும் போதாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இரண்டுதரம் தட்டினீர்கள். ஏன் அக்கா? என்னோடு சண்டை பிடிக்கக் களைத்துவிட்டீர்களா? இல்லை, எட்டிப் பார்த்த என் முகத்தில் எதையோ கண்டு, என்னைப் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தீர்களா? யார் யாருக்கு இரங்கியது அங்கே? இதற்குப் பதில் எனக்கு இனிக் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதுதான் நியாயமோ என்றும் தோன்றுகிறது.

இன்று காலை மது அழைத்தாள். வணக்கமோ நலமோ ஒன்றுமில்லை. "பிளேன் எப்ப பறக்குது?" என்றாள். அடுத்த கோடைக்கு என்றேன். "அதுக்கு முதல் வரலாமோ? செட்டையை மூட முதல் நான் உள்ளுக்க பாக்கவேணும்" என்றாள். வா என்றேன். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கவில்லை. தீர்ந்தது போலவும் தெரியவில்லை.

அவள் வரும்போது உங்கள் கை அந்த இறக்கையில் இருக்கிறது என்று இனிச் சொல்ல மாட்டேன். இப்போது அது இல்லை. அதை எடுத்தது நான். அவளை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், அம்மா எங்கே நின்றா, எப்படி நின்றா, என்ன சொன்னா, நான் என்ன சொன்னேன் என்று எல்லாம் சொல்லுவேன். அவள் அழுதாலும் எதையும் மெதுவாக்கிச் சொல்ல மாட்டேன், அக்கா. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களைக் கேளாமல் உங்களுக்கு இரங்கிய,
தங்கச்சி சுகந்தி